துரையின் முதுகு

அவசரப்பட்டு வாயை விடுகிற புத்தி எனக்கு. எல்லாம் அதனால் வந்த வினைதான்.

எண்பத்தாறாம் வருஷம் என் வீட்டுக்காரர் தங்கசாமியைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. சாயல்குடி ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே தூக்கிக்கொண்டு போனவர்கள், என்னை வெளியே வேப்பமரத்தடியில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். மிளகாய்க் கொல்லையிலிருந்து போட்டது போட்டபடி வந்தவள் நான். மடியில் ஒரு வெள்ளாட்டுக் குட்டி இருந்தது. பிறந்து பதினோரு நாள். தாய் ஆடு செத்துப்போனதால் சங்கில் பால் புகட்டிக்கொண்டிருந்தேன். அவர் அலறியது கேட்டதும் குட்டியைக் கீழே விடத் தோன்றாமல் இடுப்பில் இடுக்கிக்கொண்டே வண்டியேறியிருக்கிறேன்.

டாக்டர் வெளியே வந்து என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். நான் எங்கள் குலசாமி இருக்கும் திசையைப் பார்த்துக் கத்தினேன். "உடைமரத்துக் கருப்பா! அந்த உசுர எனக்குக் குடுத்துரு. இந்த உசுர உனக்குத் தாரேன்."

ஒரு பொங்கல் வைக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். முடி இறக்குகிறேன், வெண்கல மணி வாங்கிக் கட்டுகிறேன், எதையாவது சொல்லியிருக்கலாம். கழுத்தில் தாலி இருந்தது, கையில் குட்டி இருந்தது. கையில் இருந்ததை நேர்ந்துவிட்டேன். குட்டி அப்போது என் சுண்டு விரலைச் சப்பிக்கொண்டிருந்தது.

அவர் பிழைத்துவிட்டார். இடது கால் பாதத்தில் ஒரு காசு அகலத்துக்குக் கறுத்த தழும்பு மட்டும் நின்றுபோயிற்று.

மறு மாசியில் களரித் திருவிழாவில் வெட்டியிருக்க வேண்டிய குட்டி அது. ஆனால் அந்த மாசி வருவதற்குள் எங்கள் பங்காளிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, முதல் திருநீறு யார் கையில் என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கோயிலைப் பூட்டியாயிற்று. ஒரு வருஷமா, இரண்டு வருஷமா, பத்து வருஷம். கோயிலுக்கு முன்னால் எருக்கு முளைத்து ஆள் உயரம் நின்றது. பங்காளிகள் நன்றாக இருக்கட்டும். அவர்கள் சண்டை போட்ட பத்து வருஷமும் என் குட்டி வளர்ந்தது.

நேர்ந்துவிட்ட கிடாய்க்குப் பெயர் வைக்கக் கூடாது என்பார்கள். நான் வைத்தேன். துரை. நடை அப்படி. செம்மண் நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு, நெஞ்சு வரை தாடி. யார் கொல்லையில் மேய்ந்தாலும் ஒருவரும் கல்லெடுத்து எறிய மாட்டார்கள். சாமிக் கிடாய் அல்லவா? கம்பங்கொல்லைக்குள் புகுந்து வயிறு புடைக்கத் தின்றுவிட்டு வரப்பில் நின்று தாடியை ஆட்டுவார். கொல்லைக்காரன் கையெடுத்துக் கும்பிடுவான். காலையில் எனக்குப் போடுகிற டீயில் பாதி அவருக்கு, தேங்காய்ச் சிரட்டையில். நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். பரமக்குடியில் கட்டிக்கொடுத்த என் மகள் ஊருக்கு வந்தால், "அம்மா, உன் சீலையெல்லாம் துரை வாடை" என்று மூக்கைப் பொத்துவாள். எனக்குத் தெரிந்ததே இல்லை. அந்த வாடைதான் எனக்கு வீட்டு வாடை.

ஒன்பதாவது வயதில் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

முதலில் படுக்கத் தயங்கினார். முன்னங்காலை மடக்குவார், பின்பக்கம் இறங்காது, அப்படியே நடுங்கிக்கொண்டு நின்று மறுபடி நிமிர்ந்துவிடுவார். பிறகு படுப்பதையே விட்டுவிட்டார். கட்டுத்தறிச் சுவரில் நெற்றியை முட்டுக் கொடுத்து நின்றபடியே கண்ணை மூடிக்கிடப்பார். மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து ஊசி போட்டார். "வயசாச்சும்மா, ஆட்டுக்கு இது கிழட்டுப் பருவம்" என்றார். அந்த மனுஷன் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு எப்போதும் அப்படித்தான் வரும். மழையில் நனைந்தால் துரைக்கு உடம்பைச் சிலுப்பக்கூட முடியவில்லை. கழுத்து வரை ஒரு நடுக்கம் வரும், முதுகில் ஏறியதும் வலியில் நின்றுவிடும். தண்ணீர் சொட்டச் சொட்ட நிற்பார். நான் ஓடிப்போய் முந்தானையால் துடைப்பேன்.

தொண்ணூற்றேழு பொங்கலுக்குப் பங்காளிகள் சமாதானம் ஆகிவிட்டார்கள். வந்த மாசியிலேயே கோயிலைத் திறந்து களரி என்று முடிவாயிற்று. ஊரே சந்தோஷப்பட்டது. நான் கட்டுத்தறிக்குப் போய்த் துரை பக்கத்தில் நின்றுகொண்டேன்.

பூசாரி ராக்கப்பன் என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன். நேர்ந்த கிடாய்களைப் பார்த்துவிட்டுப் போக வீடு வீடாக வந்தார். துரையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். இடுப்பில் ஒரு விரலை வைத்து அழுத்தினார். துரை பல்லைக் கடித்துக்கொண்டு விலகினார்.

"தம்பி, இது ஆகாதே" என்றார் ராக்கப்பன். "சாமிக்கு வாரது தன் காலுல நடந்து வரணும். வாசல்ல நிப்பாட்டி மஞ்சத்தண்ணி ஊத்துனா உடம்ப உதறித் துலுக்கணும். துலுக்குனாத்தான் உத்தரவு. மூணு தடவ ஊத்துவோம். மூணுக்கும் துலுக்கலைன்னா சாமி வேணாம்னுருச்சுன்னு அர்த்தம், விட்ருவோம். ஆனா இது துலுக்க மாட்டேன்னு நிக்கிற கெடா இல்லியே. துலுக்க முடியாம நிக்கிற கெடா. சீக்குக் கெடாயக் கொண்டாந்து நிப்பாட்டி, சாமி வேணாம்னுருச்சுன்னு சொன்னா, அது சாமிய ஏய்க்கிறதுப்பா."

"வேற கெடா வாங்கிக் குடுத்துட்டா என்னண்ணே?" என்று நான் இடையில் புகுந்தேன்.

"நீ எதை நேந்த?"

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் வெகுநேரம் தன் இடது பாதத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசாத மனுஷன். பத்து வருஷமும் மாசி பிறந்தால் அவருக்குத் தூக்கம் கெடும். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் உயிரை வைத்துக்கொண்டிருக்கிறோம் என்ற பயம். வயலில் இறங்கும்போது கம்பால் தட்டித் தட்டித்தான் இறங்குவார்.

"உச்சிப்புளியில ஒரு பாய் இருக்காராம்" என்றார் கடைசியில். "மனுசனுக்கும் எலும்பு சரி பண்ணுவாராம், மாட்டுக்கும் பண்ணுவாராம். கூட்டிட்டுப் போவம்."

எதற்குக் கூட்டிப்போகிறோம் என்று எனக்குத் தெரியாதா? வலி போனால் நடப்பார். நடந்தால் கோயிலுக்கு நடப்பார். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கட்டுத்தறியில் துரை சுவரை முட்டிக்கொண்டு நின்றார். பின்னங்கால் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. என்னால் சொல்ல முடியவில்லை.

தை பத்தாம் தேதி வாக்கில் உப்பு லாரி ஒன்றில் இடம் கிடைத்தது. மூட்டைகளுக்கு நடுவே வைக்கோல் போட்டுத் துரையை நிறுத்தினோம். வழி நெடுக மூட்டையை நக்கிக்கொண்டே வந்தார். இரு பக்கமும் உப்புப் பாத்தி, பனை, மறுபடி உப்புப் பாத்தி. வெயில் ஏற ஏறப் பாத்திகளின் மேல் காற்று நெளிந்தது. பனைகள் தரையை விட்டுக் கிளம்பி ஒரு முழம் மேலே நிற்பது போலத் தெரிந்தன. இந்த லாரி நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மாசி வராத ஓர் ஊர் எங்காவது இருக்கும்.

கபீர் பாய்க்கு நாற்பது வயதிருக்கும். சட்டையில்லாத ஒல்லி உடம்பு, பெரிய கை. காலையில் மனுஷர்களைப் பார்த்து முடித்துவிட்டு, மதியத்துக்கு மேல் வாயில்லாதவற்றைப் பார்ப்பார். எங்களுக்கு முன்னால், பக்கத்தில் இருந்த விமானத் தளத்து அதிகாரி ஒருவர் வீட்டு நாய் காத்திருந்தது. மூஞ்சியெல்லாம் நரைத்த கிழட்டு நாய். அதன் முதுகில் பாய் கை வைத்திருந்த விதத்தைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. தூங்குகிற பிள்ளையின் நெற்றியில் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிற கை.

துரையைக் கண்டதும் அவர் சிரித்தார். "மாஷா அல்லாஹ்! தாடியப் பாருங்க, எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குக்கூட இம்புட்டுத் தாடி இல்லை." பிறகு கேட்டார், "இந்த வயசுல இவர நடக்க வச்சு என்ன வேலை வாங்கப் போறீங்க?"

என் வீட்டுக்காரர் மறைக்கவில்லை. பாம்பு கடித்தது, நான் நேர்ந்தது, கோயில், துலுக்குவது, எல்லாவற்றையும் சொன்னார். பாய் கேட்டுக்கொண்டே துரையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

அவர் லுங்கியை மடித்துக் கட்டும் நேரத்தில் நான் தனியே போய்க் கேட்டேன். "பாய், வலி மட்டும் போகட்டும். நடை வர வேணாம். அப்படி ஒரு வைத்தியம் இருக்கா?"

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். சிரிக்கவில்லை. "அக்கா, வலியும் நடையும் ஒரே எலும்புலதான் இருக்கு. ஒண்ணத் தொடாம ஒண்ணத் தொட எனக்குத் தெரியாது."

"அப்ப தொடுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் கடல். வடகடல். அலையே இல்லை, பாத்திரத்தில் ஊற்றி வைத்த தண்ணீர் மாதிரி கிடந்தது. வானம் எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று கோடு தெரியவில்லை. பாய் துரையை அணைத்தபடி உள்ளே நடத்திக்கொண்டு போனார். முழங்கால், தொடை, வயிறு. நெஞ்சளவு தண்ணீர் வந்ததும் துரையின் பாரத்தைக் கடல் வாங்கிக்கொண்டது. பின்னங்காலின் நடுக்கம் நின்றது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கால்கள் சும்மா இருந்ததைப் பார்த்தேன். துரை கண்ணை மூடிக்கொண்டார். தாடி தண்ணீரில் விரிந்து மிதந்தது.

நானும் சேலையோடு இறங்கித் தலைப் பக்கம் நின்றேன். பாய் கட்டை விரலைக் கழுத்தடியில் வைத்து ஒவ்வோர் எலும்பாக வால் வரை போனார். தஸ்பீஹ் மணி உருட்டுவது போல நிதானமாக. உதடு அசைந்துகொண்டே இருந்தது. எண்ணினாரா, ஓதினாரா, தெரியாது. இடுப்புக்குச் சற்று மேலே விரல் நின்றது.

"இங்கன இருக்கு" என்றார். "ஒரு எலும்பு திரும்பிப் படுத்திருக்கு. நாம முறுக்குனா பயந்து இறுக்கிக்குவாரு. அவராத் திரும்பணும்."

காத்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. சிறு மீன்கள் வந்து என் கணுக்காலைக் கொத்திவிட்டுப் போயின. கரையில் என் வீட்டுக்காரர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், இவ்வளவு தூரத்திலிருந்து பார்க்க ஒரு பனங்கன்று அளவுதான் இருந்தார். பாயும் நானும் கிடாயும் இந்தத் தண்ணீரிலேயே நின்றுவிட்டால் யார் வந்து கேட்கப்போகிறார்கள்? அப்போது தளத்திலிருந்து கிளம்பிய சின்ன விமானம் ஒன்று தலைக்கு மேலே தாழ்வாகப் போயிற்று. துரை கண்ணைத் திறந்து, கழுத்தை வளைத்து, போகிற விமானத்தோடு தலையைத் திருப்பிக்கொண்டே போனார். அந்தத் திருப்பத்தில் பாயின் கை ஒரே ஓர் அங்குலம் அசைந்தது. சொடக்கு எடுக்கிற சத்தம் ஒன்று கேட்டது.

துரை கத்தவில்லை. பெருமூச்சு விட்டார்.

கரைக்கு வந்ததும் நாலடி நடந்தார். நின்றார். முன்னங்காலை மடக்கினார். பின்பக்கத்தைத் தயங்கித் தயங்கி இறக்கி, மணலில் படுத்துவிட்டார். படுத்தே விட்டார். நான் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன் என்று சொன்னால் பாதி பொய்.

பாய் லுங்கியைப் பிழிந்துகொண்டே எங்களுக்குச் சொன்னார். "எலும்பு இடத்துக்கு வந்துருச்சு. ஆனா சதை இன்னும் பழைய கோணத்துலயே இழுக்கும். நாப்பத்தோரு நாளைக்குத் தினமும் காலையில நொச்சி எலை போட்டுக் காய்ச்சுன தண்ணிய, கை பொறுக்கிற சூட்டுல, முதுகுல ஊத்துங்க. ஊத்துன ஒடனே கையை இடுப்புல வச்சுத் தடவிவிடணும். ஒண்ணே ஒண்ணு கவனம். தண்ணி விழுந்ததும் சிலுப்ப விட்றாதீங்க. சிலுப்புனா எலும்பு நழுவிரும். தண்ணி விழணும், கை விழணும், அவரு அசையாம நிக்கணும். நிக்கப் பழகிருவாரு. நீங்க பழக்குங்க, அக்கா."

எங்கள் ஊரில் தண்ணீர் என்ன சும்மாவா கிடைக்கிறது? ஊருணிக்கு அரை மைல். கிழட்டுக் கிடாய்க்கு வெந்நீர் குளியல் என்று கேள்விப்பட்டதும் ஊர் சிரித்தது. "உலகம்மா, உங்க துரைக்கு சோப்பு என்ன சோப்பு?" என்று ஊருணிக் கரையில் கேட்பாள் சோணையம்மாள். "உன் புருசனுக்குப் போடுற சோப்புதான், அவருக்கும் இந்த வாடைதானே?" என்பேன்.

என் வீட்டுக்காரர்தான் தண்ணீர் சுமந்தார். நான் நொச்சி போட்டுக் காய்ச்சுவேன். அவர் செம்பில் மொண்டு ஊற்ற, நான் கையை வைத்துத் தடவுவேன். முதல் வாரம் மிளகாய்ச் செடிக்கு ஊற்றுகிற மாதிரி உயரத்திலிருந்து கடனே என்று ஊற்றினார். தண்ணீர் விழுந்ததும் துரைக்குக் கழுத்தில் சிலிர்ப்பு கிளம்பும். "இல்ல சாமி, இல்ல" என்று இரண்டு கையாலும் இடுப்பை அழுத்திக்கொள்வேன். சிலிர்ப்பு என் உள்ளங்கைக்குக் கீழே வந்து அடங்கும்.

இரண்டாவது வாரம் செம்பு தாழ்ந்தது. மூன்றாவது வாரத்தில் ஒரு காலை பார்க்கிறேன், அவர் செம்புத் தண்ணீரைத் தன் மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் பார்ப்பதைக் கண்டதும், "கொதிக்குதோன்னு..." என்று இழுத்தார். நான் ஒன்றும் கேட்காதவளாக இருந்துவிட்டேன்.

அந்தக் காலைகளை நான் எப்படிச் சொல்வது? பனைகளுக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் மெல்ல மெல்ல வரும். நொச்சி ஆவி முகத்தில் படியும். மூன்று பேரும் பேசுவதில்லை. தண்ணீர் விழும், கை விழும். துரை காலை அகட்டி நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, கையில் பாரத்தைச் சாய்ப்பார். முப்பதாவது நாள் வாக்கில் நான் அழுத்திப் பிடிக்க வேண்டியே இருக்கவில்லை. தண்ணீர் பட்டால் போதும், அப்படியே நின்று கைக்குக் காத்திருப்பார். வேண்டுமென்றே ஒருநாள் நான் கொஞ்சம் தாமதித்தேன். தலையைத் திருப்பி, 'எங்கே காணோம்?' என்று பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நாற்பத்தோராம் நாள் துரை தண்ணீர்க் குடத்தை முட்டி உடைத்தார். கம்பங்கொல்லைக்கு ஒரே ஓட்டம். கொல்லைக்காரன் கும்பிட்டான். ராக்கப்பன் வந்து பார்த்துவிட்டு, "குத்தமே இல்லை" என்று திருநீறு பூசிவிட்டுப் போனார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தக் கையால் தடவித் தடவி நானே அவரைக் கோயில் வரை நடத்திவிட்டேனே என்று கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரவெல்லாம் நடந்த களரிக்கு மறுநாள் காலை, பொழுது பனை உயரம் ஏறியபோது, கிடாய்களை வாசலுக்கு வரச் சொன்னார்கள். எருக்கு வெட்டிய இடத்தில் புது மணல் போட்டிருந்தார்கள். துரைக்குக் கழுத்தில் மாலை. அரை மைல் தன் காலில் நடந்து வந்தார். பாதி மாலையை வழியிலேயே தின்றிருந்தார். முன்னால் நின்ற கிடாய்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீர் பட்டதும் உதறித் துலுக்கின. குலவை எழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மேளம் என் விலா எலும்புக்குள் அடித்தது.

துரையின் முறை வந்தது. கயிற்றை என் வீட்டுக்காரர் பிடித்திருந்தார். பெண்கள் பத்தடி தள்ளி நிற்க வேண்டும். ராக்கப்பன் மஞ்சள் தண்ணீரை நெற்றியிலிருந்து முதுகு நெடுக ஊற்றினார். மேளம் நின்றது.

துரை காலை அகட்டினார். கண்ணைப் பாதி மூடிக்கொண்டார். அசையாமல் நின்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. துரை என் கைக்குக் காத்திருக்கிறார்.

"ரெண்டாவது" என்றார் ராக்கப்பன். தண்ணீர் விழுந்தது. வால் நுனியில் சொட்டியது. துரை அசையவில்லை. கூட்டத்தில் ஒருவன், "காதுல ஊத்துங்க அய்யா, தன்னால துலுக்கும்" என்றான். "ஏலே, சும்மா கெட" என்று ராக்கப்பன் சீறினார். "காதுல ஊத்துனா எதுதான் துலுக்காது? அது உத்தரவாடா?"

ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டும். அண்ணே, இது சாமி சொல்லி நிற்கவில்லை, நாங்கள் பழக்கிய பழக்கத்தில் நிற்கிறது என்று. சொல்லாவிட்டால் நான் ஏமாற்றுவது யாரை? என் புருஷன் உயிரைத் திருப்பித் தந்த கருப்பனை. சாமி கோபித்துக்கொண்டால் அந்தக் கோபம் யார் மேல் போய் விழும்? கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதோ நிற்கிற அவர் மேல். எனக்கு எல்லாம் தெரிந்தது. அவசரத்துக்கு விடுகிற வாய் அன்று திறக்கவே இல்லை. அவர் முகத்தைப் பார்க்கும் துணிவும் வரவில்லை. அவர் கைகளை மட்டும்தான் பார்த்தேன். எல்லாரும் நெஞ்சுக்கு நேரே கும்பிட்டு நின்ற இடத்தில், அவர் கயிற்றோடு சேர்த்து இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார்.

மூன்றாவது தண்ணீரும் விழுந்தது. துரை தலையைத் திருப்பிக் கூட்டத்தில் என்னைத் தேடினார். கண்டுபிடித்துவிட்டார். 'எங்கே காணோம்?' என்று பார்த்தார். பத்தடி தூரம். நான் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன்.

ராக்கப்பன் செம்பைக் கவிழ்த்து வைத்தார். "நடந்து வந்துச்சு, குத்தமில்லாம நின்னுச்சு, மூணு தண்ணிக்கும் உத்தரவு இல்லை. சாமி வேணாம்னுருச்சு. நேந்தது நிறைஞ்சதுப்பா தங்கசாமி, கூட்டிட்டுப் போ." கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சோணையம்மாள்கூட துரையின் குளம்பைத் தொட்டுக் கும்பிட்டாள். அடுத்த கிடாயைக் கொண்டு வந்தார்கள்.

நாங்கள் மூன்று பேரும் பனங்காட்டு வழியே திரும்பினோம். அவர் முன்னால், துரை நடுவில், நான் பின்னால். மேளம் தூரத்தில் தேய்ந்துகொண்டே வந்தது. துரை நாலடிக்கு ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தார். முதுகில் மஞ்சள் தண்ணீர் இன்னும் காயவில்லை. கோயில் மறையட்டும் என்று பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. குனிந்து கையை இடுப்பில் வைத்தேன். சாய்ந்தார். கழுத்திலிருந்து வால் வரை தடவிவிட்டேன். "போதுமா?" என்று கையை எடுத்தேன்.

அவ்வளவுதான். நாற்பத்தோரு நாளும் என் உள்ளங்கைக்குக் கீழே அடங்கிக் கிடந்த சிலிர்ப்பெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. காது படபடக்க, தாடி சுழல, முதுகு நெளிய, வால் நுனி வரை உதறித் துலுக்கினார் துரை. மஞ்சள் துளிகள் வெயிலில் தெறித்தன. என் முகமெல்லாம் நனைந்தது.

என் வீட்டுக்காரர் திரும்பி நின்றிருந்தார். அவர் கன்னத்திலும் ஒரு துளி இருந்தது. கோயில் முகடு பனைகளுக்கு மேல் இன்னும் தெரிந்தது. அவர் அந்த முகட்டைப் பார்த்தார். தன் இடது பாதத்தைப் பார்த்தார். துரையைப் பார்த்தார், பிறகு என்னை.

துண்டை எடுத்துக் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தூறல் விழுது போல" என்றார். "வெரசா நட."

மாசி மாதத்து வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு, முந்தானையை எடுத்துத் துரையின் முதுகில் போர்த்திக்கொண்டு நடந்தேன்.